மாற்கு சுவிசேஷம் ஏன் பயத்தோடு முடிகிறது?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கி முதலில் போட்டுவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். நீங்கள் யாங்கோனில் இந்துக் குடும்பத்தில் வளர்ந்தவர். கூட வேலை பார்க்கும் நண்பர் ஒரு தமிழ்ப் புதிய ஏற்பாட்டைக் கொடுத்து, "மாற்கில் ஆரம்பி, அதுதான் சின்னது" என்றிருக்கிறார். படித்து முடித்துவிட்டீர்கள். கிறிஸ்துமஸ் பாட்டில் வரும் மாட்டுத் தொழுவம் அதில் இல்லை, மேய்ப்பர்கள் இல்லை, மலைப்பிரசங்கமும் இல்லை. இயேசு பலரைக் குணமாக்கிவிட்டு "யாருக்கும் சொல்லாதே" என்கிறார். கடைசியில் பெண்கள் கல்லறையை விட்டுப் பயந்து ஓடுகிறார்கள். அதற்குப் பின்னால் வரும் வசனங்கள் உங்கள் பிரதியில் அடைப்புக்குறிக்குள் இருக்கின்றன, பழைய பிரதிகளில் இவை இல்லை என்ற குறிப்போடு. இது முழுப் புத்தகம்தானா, இதன் பின்னணி என்ன, என்ன சொல்ல வருகிறது, கிறிஸ்தவன் அல்லாத நான் இதை எப்படிப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முழுப் புத்தகம்தான். பல வருஷமாகத் தமிழ்ச் சபையில் வேதபாட வகுப்பு எடுத்து வருகிறேன். நான் புரிந்துகொண்டவரை, பயந்துபோனவர்களுக்கும் பயத்தில் ஓடிப்போனவர்களுக்கும் எழுதப்பட்ட புத்தகம் இது. அப்படி வைத்துப் படித்தால், உங்களுக்கு இடிக்கிற இடங்கள் எல்லாம் ஒரே இழையில் வந்து சேரும்.

எழுதப்பட்ட காலத்தை முதலில் பார்ப்போம். இயேசு சிலுவையில் அறையப்பட்டது ஏறத்தாழ கி.பி. 30-இல். மாற்கு எழுதப்பட்டது 65-க்கும் 75-க்கும் இடையில் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. நான்கு சுவிசேஷங்களில் இதுவே மூத்தது என்றும், மத்தேயுவும் லூக்காவும் இதைக் கையில் வைத்துக்கொண்டே எழுதினார்கள் என்றும் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். மாற்கின் பெரும்பகுதி மத்தேயுவில் அப்படியே இருக்கிறது. ஆனால் மாற்கில் கரடுமுரடாக நிற்கும் இடங்களை மற்றவர்கள் இழைத்துவிடுகிறார்கள். இயேசுவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் அவரைப் பிடித்துப்போக வந்தார்கள் என்று 3-ஆம் அதிகாரத்தில் மாற்கு எழுதுகிறார். மத்தேயுவும் லூக்காவும் அதைத் தொடவே இல்லை. சொந்த ஊரில் அவரால் பெரிய அற்புதம் எதுவும் செய்ய முடியவில்லை என்று மாற்கு 6:5 சொல்கிறது. மத்தேயுவில் அது "அதிகம் செய்யவில்லை" என்று மென்மையாகிறது.

அந்தக் காலத்தை ஒட்டி இரண்டு பெரிய துயரங்கள் நடந்தன. கி.பி. 64-இல் ரோமாபுரி தீப்பிடித்து எரிந்தது. ஊர் வாய் தன் பக்கம் திரும்பியதும் நீரோ மன்னன் பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் போட்டான். அவர்கள் எப்படிச் சித்திரவதை செய்யப்பட்டார்கள் என்பதை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். முதலில் பிடிபட்டவர்கள் சொன்ன தகவலை வைத்து மற்றவர்களைப் பிடித்தார்கள் என்பதும் அவர் தரும் செய்திதான். அப்படியானால் அந்தச் சபையில் உயிரைக் கொடுத்தவர்களும் இருந்தார்கள், பெயரைக் காட்டிக்கொடுத்தவர்களும் இருந்தார்கள். இரண்டாவது, 66-இல் யூதேயாவில் ரோமுக்கு எதிராகக் கலகம் வெடித்தது. 70-இல் ரோமத் தளபதி தீத்துவின் படை எருசலேமைப் பிடித்தது, ஆலயம் எரிந்தது.

மாற்கு 13-ஆம் அதிகாரத்தை இந்த இரண்டாவது துயரத்தோடு சேர்த்துப் படியுங்கள். யூதேயாவில் இருப்பவர்கள் மலைகளுக்கு ஓடட்டும், மாடியில் இருப்பவன் வீட்டுக்குள் இறங்கிச் சாமான் எடுக்க வேண்டாம், வயலில் இருப்பவன் மேலாடைக்காகத் திரும்ப வேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கும் ஐயோ, நீங்கள் ஓடிப்போவது மாரிகாலத்தில் நேராதபடி வேண்டிக்கொள்ளுங்கள் என்று வருகிறது. உலக முடிவுக்கான அட்டவணை போல இதை விளக்குகிறவர்கள் உண்டு. பர்மாத் தமிழர்களுக்கு அந்த விளக்கம் தேவையே இல்லை என்பேன். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதற்கு முன்னும் பின்னும் லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே புறப்பட்டார்கள், தமு வழியாக மணிப்பூருக்கும், இன்னும் வடக்கே ஹுக்காங் பள்ளத்தாக்கு வழியாக அஸ்ஸாமுக்கும். மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. சேற்றில் கால் புதைந்து, ஆறுகளைக் கடக்க முடியாமல், காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே செத்தார்கள். கைக்குழந்தையோடு புறப்பட்டவர்கள் பட்ட பாட்டை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாலஸ்தீன நாட்டில் மழைக்காலமே குளிர்காலம். காய்ந்து கிடக்கும் ஓடைகளில் திடீரென்று வெள்ளம் வரும். மாரிகாலத்தில் நேராதபடி வேண்டிக்கொள்ளுங்கள் என்ற வரியை ஓட வேண்டிவந்த ஜனங்கள் எந்தக் காதால் கேட்டிருப்பார்கள் என்பது தமு பாதையில் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நன்றாகவே விளங்கும்.

சரி, எழுதியவர் யார்? புத்தகத்துக்குள் பெயர் இல்லை. "மாற்கு" என்பது சபை மரபு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த எராப்போலி ஊர்ப் பேராயர் பப்பியாஸ் சொன்னதாகச் சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் பதிவு செய்திருக்கிறார்: மாற்கு பேதுருவுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், பேதுரு சொல்ல நினைவில் நின்றதைத் துல்லியமாக எழுதினார், ஆனால் வரிசைப்படி எழுதவில்லை. ரோமில் எழுதப்பட்டது என்பது பழைய மரபு. சீரியா என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. எங்கே என்றாலும், வாசகர்கள் பெரும்பாலும் யூதர்கள் அல்லாதவர்கள் என்பது உறுதி. யூதர்கள் கைகழுவிச் சாப்பிடும் வழக்கத்தை 7-ஆம் அதிகாரத்தில் நின்று விளக்குகிறார். ஏழை விதவை போட்ட இரண்டு காசுகளின் மதிப்பை ரோமக் காசுக் கணக்கில் சொல்கிறார்.

இன்னொரு சின்னத் தடயம் எனக்கு மிகவும் பிடித்தது. இயேசுவின் சிலுவையைச் சுமக்கும்படி வழியில் போன ஒருவனைப் படைவீரர்கள் பிடிக்கிறார்கள். சீரேனே ஊரான் சீமோன் என்று பெயர் சொன்னால் போதாதா? "அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன்" என்று மாற்கு சேர்க்கிறார். அந்தப் பிள்ளைகள் இருவரும் கதையில் வேறெங்கும் வருவதில்லை. முதலில் கேட்டவர்களுக்கு அவர்கள் தெரிந்த முகங்கள் என்றால்தான் அந்த அரைவரிக்கு வேலை இருக்கிறது. ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் ரூப்பு என்ற ஒருவருக்குப் பவுல் வாழ்த்துச் சொல்கிறார். அவர்தானா இவர் என்று பலரும் யோசித்திருக்கிறார்கள்.

மாற்கு என்ற ஆளைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகளில் வருவதையும் தெரிந்துகொள்ளுங்கள். எருசலேமில் அவர் தாய் மரியாளின் வீட்டில்தான் விசுவாசிகள் கூடினார்கள். பவுலோடும் பர்னபாவோடும் ஊழியத்துக்குப் போனவர், பெர்கே பட்டணத்தில் பாதியிலேயே விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த பயணத்தில் அவரைச் சேர்த்துக்கொள்வதா என்று பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடும் சண்டை வந்து, இருவரும் பிரிந்தே போனார்கள். மரபு சரி என்றால், பாதியில் விட்டுப் போன ஒருவர், மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம் கேட்டதை, நீரோவின் காலத்தைத் தாண்டிவந்த ஜனங்களுக்கு எழுதியிருக்கிறார். சீஷர்களை மாற்கு அளவுக்கு யாரும் மோசமாகக் காட்டுவதில்லை. அதில் இளக்காரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பேதுருவே அப்படித்தான் தன் கதையைச் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன்.

இப்போது "யாருக்கும் சொல்லாதே" விஷயத்துக்கு வருவோம். 1901-இல் வில்லியம் வ்ரேட என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இதை ஒரு தனிப் பிரச்சினையாக எடுத்து எழுதினார். அன்று முதல் வாதம் ஓயவில்லை. என் பதில், புத்தகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. முதல் எட்டு அதிகாரத்தில் இயேசு பலசாலி. பேய்கள் ஓடுகின்றன, புயல் அடங்குகிறது, ஐயாயிரம் பேர் சாப்பிடுகிறார்கள். எல்லாரும் "இவர் யார்?" என்று கேட்கிறார்கள். பிலிப்புச் செசரியா போகும் வழியில் பேதுரு "நீர் கிறிஸ்து" என்கிறார். சரியான பதில். ஆனால் உடனே இயேசு, தான் பாடுபட்டுக் கொல்லப்பட வேண்டும் என்கிறார். பேதுரு அவரையே தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறார். அங்கிருந்து எருசலேம் போகும் வழியில் மூன்று முறை தன் மரணத்தைச் சொல்கிறார். இரண்டாம் முறை சொன்னதும் சீஷர்கள் தங்களுக்குள் யார் பெரியவன் என்று விவாதிக்கிறார்கள். மூன்றாம் முறை சொன்னதும் யாக்கோபும் யோவானும் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஆசனம் கேட்கிறார்கள். அதற்குப் பதிலாகத்தான் புத்தகத்தின் நடு வாக்கியம் என்று நான் எண்ணுவது வருகிறது: மனுஷகுமாரன் ஊழியம் கொள்ள வரவில்லை, ஊழியம் செய்யவும், அநேகரை மீட்கும்பொருளாகத் தம் உயிரைக் கொடுக்கவும் வந்தார் (10:45).

இந்தப் பயணத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு குருடன் நிற்பதைக் கவனியுங்கள். முதலில் பெத்சாயிதாவில் ஒருவன். இயேசு கை வைத்ததும் அவனுக்கு மனிதர்கள் நடக்கிற மரங்கள் போலத் தெரிகிறார்கள்; இரண்டாம் முறை கை வைத்த பிறகுதான் தெளிவாகத் தெரிகிறது. வேறெந்தச் சுவிசேஷத்திலும் இந்த அரைகுறைக் குணமாக்கல் இல்லை. பேதுரு பார்த்ததும் அந்த அரைப்பார்வைதான். பலத்தைப் பார்த்தார், சிலுவையைப் பார்க்கவில்லை. மறுமுனையில் எரிகோவில் பிச்சைக்காரன் பர்திமேயு. பார்வை வந்ததும் அவன் இயேசுவின் பின்னால் வழியே போகிறான். பாதி பார்த்தவர்கள் போய்ப் பறைசாற்றினால் பாதிச் செய்திதான் போகும், அதனால்தான் இப்போது சொல்லாதே.

அப்படியென்றால் முழுதாகப் பார்த்துச் சொல்வது யார்? 12-ஆம் அதிகாரத்தில் வரி கொடுக்கலாமா என்று கேட்பவர்களிடம் இயேசு ஒரு ரோம வெள்ளிக் காசைக் கொண்டுவரச் சொல்கிறார். அதில் யாருடைய உருவம், யாருடைய எழுத்து என்று கேட்கிறார். இராயனுடையது என்கிறார்கள். அந்தக் காலத்தில் புழங்கிய திபேரியு மன்னனின் வெள்ளிக் காசுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒரு விரல்நுனி அகலம்தான். மன்னனின் தலையைச் சுற்றி "தெய்வீக அகுஸ்துவின் மகன்" என்று பொறித்திருக்கும். வரி அந்தக் காசில், படைவீரன் சம்பளமும் ரோமப் பணத்தில். மூன்று அதிகாரம் தள்ளி, அதே மன்னனின் சம்பளத்தில் இருக்கும் நூற்றுக்கு அதிபதி ஒருவன், தன் ஆட்களே ஆணியடித்துக் கொன்ற ஒரு யூதனைப் பார்த்து, "மெய்யாகவே இந்த மனுஷன் தேவனுடைய குமாரன்" என்கிறான் (15:39). மாற்கில் ஒரு மனித வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது இந்த ஒரே இடத்தில்தான். அதுவும் அற்புதத்தைப் பார்த்து அல்ல, அவர் செத்த விதத்தைப் பார்த்து. நீரோவின் ஆட்சியைக் கண்ட ஒரு சபையில் இந்த வரியை உரக்க வாசிப்பதற்கே துணிச்சல் வேண்டும்.

பயம் பற்றிச் சொன்னேனே, அதை ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு அடிக்கோடு போட்டுப் பாருங்கள். புயலில் படகு நிரம்புகிறது, சீஷர்கள் அலறுகிறார்கள். 1986-இல் கலிலேயக் கடலில் தண்ணீர் வற்றியபோது சேற்றிலிருந்து அந்தக் காலத்துப் படகு ஒன்று கிடைத்தது. சுமார் எட்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் அகலம். மழைக்காலத்தில் யாங்கோனின் எதிர்க்கரைத் தலாவுக்குச் சம்பானில் ஆற்றைக் கடந்தவர்களுக்கு அந்த அலறல் புரியும். ஆனால் மாற்கு எழுதுவதைக் கவனியுங்கள்: புயல் அடங்கின பிறகுதான் அவர்கள் "மிகவும் பயந்து" போகிறார்கள். அடுத்து, லேகியோன் என்ற பேய்க்கூட்டம் பிடித்திருந்தவன் புத்தி தெளிந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் ஊரார் பயப்படுகிறார்கள். இரத்தப்போக்கு நின்ற பெண் நடுநடுங்குகிறாள். இயேசு முன்னே நடக்க, பின்னால் வருகிறவர்கள் பயப்படுகிறார்கள். கெத்செமனேயில் இயேசுவே திகிலடைகிறார். மற்ற மூன்று சுவிசேஷக்காரர்களும் அந்த வார்த்தையைப் போடவில்லை, மாற்கு போடுகிறார்.

இரத்தப்போக்குள்ள பெண்ணின் கதையில் கொஞ்சம் நிற்க வேண்டும், 5-ஆம் அதிகாரம். யவீரு ஜெபஆலயத் தலைவன், ஊரில் பெயர் உள்ளவன். மகள் சாகக் கிடக்கிறாள், வயது பன்னிரண்டு. இயேசு அவனோடு அவசரமாகப் போகும்போது, பன்னிரண்டு வருஷமாக உதிரப்போக்கு உள்ள ஒரு பெண் கூட்டத்துக்குள் புகுந்து பின்னாலிருந்து வஸ்திரத்தைத் தொடுகிறாள். பெயர் இல்லை. வைத்தியர்களிடம் கையில் இருந்ததெல்லாம் செலவழித்து இன்னும் மோசமானவள். அன்றைய சட்டப்படி தீட்டு உள்ளவள். தொட்டதும் குணமாகிவிட்டது, சத்தமில்லாமல் போய்விடலாம். இயேசு நின்றுவிடுகிறார். யார் தொட்டது என்று கேட்கிறார். சீஷர்கள் சலித்துக்கொள்கிறார்கள், இவ்வளவு கூட்டம் நெருக்குகிறதே என்று. யவீருவின் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நிமிஷமும் மகளின் உயிர். அந்தப் பெண் நடுங்கிக்கொண்டே வந்து விழுந்து எல்லா உண்மையையும் சொல்லி முடிக்கும்வரை இயேசு அசையவில்லை. "மகளே" என்று அழைக்கிறார். அந்த நேரத்தில்தான் யவீருவின் மகள் இறந்துவிட்டாள் என்று ஆள் வருகிறது. "பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு" என்று அந்தத் தகப்பனிடம் சொல்கிறார். எப்படி நம்புவது என்பதற்கு அவன் கண்முன் இருந்த ஒரே எடுத்துக்காட்டு, அவனைக் காக்கவைத்த அந்தத் தீட்டுப்பட்ட பெண்தான். மாற்குக்கு இது கைவந்த முறை. ஒரு கதையை ஆரம்பித்து, நடுவில் இன்னொன்றைச் சொருகி, பிறகு முதல் கதையை முடிப்பார். அத்திமரமும் ஆலயமும் வரும் 11-ஆம் அதிகாரத்திலும் இப்படித்தான்.

இனி முடிவு. நமக்குக் கிடைத்த மிகப் பழைய முழுப் பிரதிகள் இரண்டு, சினாய் மலை மடத்தில் கிடைத்ததும் வத்திக்கானில் இருப்பதும், இரண்டுமே நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இரண்டிலும் மாற்கு 16:8-இல் நின்றுவிடுகிறது: "அவர்கள் பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள்." 9 முதல் 20 வரை உள்ள வசனங்களும் பழமையானவைதான், இரண்டாம் நூற்றாண்டிலேயே பேராயர் ஐரேனியஸ் அதிலிருந்து மேற்கோள் காட்டுகிறார். ஆனால் அவற்றின் நடை வேறு, மற்ற சுவிசேஷங்களில் உள்ளவற்றைத் தொகுத்தது போல இருக்கிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் எந்தக் குறியும் இல்லாமல் தொடர்ந்து அச்சிட்டிருப்பதால், சபையில் வளர்ந்த பலருக்கே இது தெரியாது. கடைசி ஏடு கிழிந்து தொலைந்திருக்கும் என்றும் சிலர் சொல்கிறார்கள். மாற்கு வேண்டுமென்றேதான் அங்கே நிறுத்தினார் என்பது என் எண்ணம்.

எட்டாம் வசனத்துக்கு முந்தின வசனத்தைப் பாருங்கள். கல்லறையில் இருக்கும் வாலிபன், "சீஷரிடத்திற்கும் பேதுருவினிடத்திற்கும்" போய்ச் சொல்லுங்கள், அவர் உங்களுக்கு முன்னே கலிலேயாவுக்குப் போகிறார் என்கிறான். பேதுருவும் சீஷன்தானே, ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? கடைசியாக நாம் பேதுருவைப் பார்த்தது சேவல் கூவினபோது அழுதுகொண்டிருந்த இடத்தில். தான் இனி சீஷன் இல்லை என்று அவர் நினைத்திருக்கலாம். அதனால் பெயர் சொல்லி அழைப்பு வருகிறது. கலிலேயா, இயேசு அவரை முதன்முதலாக வலையோடு பார்த்த இடம். பெண்களும் பயந்து ஓடினார்கள், ஆண்கள் முன்பே ஓடிவிட்டார்கள், ஒருவரும் மிஞ்சவில்லை. அப்படியிருந்தும் செய்தி உங்கள் கைவரை வந்திருக்கிறது. ஓடினவர்களை மறுபடியும் அழைத்தவர் ஒருவர் இருந்தால்தான் அது நடந்திருக்கும், மாற்கு அதை வாதாடாமல் வாசிக்கிறவரிடமே விட்டுவிடுகிறார்.

கிறிஸ்தவன் அல்லாத நான் எப்படிப் படிப்பது என்ற கேள்விக்கு: இந்தப் புத்தகத்தில் சரியாகப் புரிந்துகொள்பவர்கள் பலரும் வெளியாட்கள்தான். தன் மகளுக்காக இயேசுவோடு வாதாடி ஜெயிக்கும் சீரோபெனிக்கியப் பெண், குருட்டுப் பிச்சைக்காரன், ரோமப் படை அதிகாரி. லேகியோன் நீங்கினவன் கூடவே வருகிறேன் என்று கெஞ்சியபோதுகூட, உன் வீட்டாரிடம் போ என்றுதான் இயேசு அனுப்புகிறார். ஆகவே யாரும் உங்களை அவசரப்படுத்த விடாதீர்கள். வீட்டில் அம்மா வருத்தப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மறைத்துப் படிக்காமல், யவீருவின் கதையை அவருக்கே ஒருநாள் வாசித்துக் காட்டுங்கள்.

தமிழ் வாசிப்பது மெதுவாகத்தான் வருகிறது என்றால், ஜட்சனின் பர்மிய வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜட்சன் 1813-இல் ரங்கூனுக்கு வந்த அமெரிக்க மிஷனரி. 1824-இல் ஆங்கிலேயருக்கும் பர்மிய மன்னருக்கும் போர் மூண்டபோது ஆவாவில் சிறைப்பட்டார். புதிய ஏற்பாட்டின் கைப்பிரதியை அவர் மனைவி ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றினார். முழு வேதாகமமும் 1834-இல் முடிந்தது. அப்புறம், இரண்டாம் முறை படிக்கும்போது மாற்கைத் துண்டு துண்டாகப் படிக்காதீர்கள். உரக்க வாசித்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதலில் அதைக் கேட்டவர்களும் ஒருவர் வாசிக்கக் கூடி உட்கார்ந்து கேட்டவர்கள்தான். 16:8-இல் நிறுத்திவிட்டு, உடனே 1-ஆம் அதிகாரத்தில் கலிலேயாக் கடலோரம் வரும் 16-ஆம் வசனத்தை எடுங்கள். மாட்டுத் தொழுவமும் மேய்ப்பர்களும் லூக்காவின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறார்கள், அதை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம்.